அவசரத்துக்கு யாரை அழைப்பது

படிவம் குளிர்பெட்டிக் கதவில்
பத்து நாளாய்த் தொங்குகிறது.
கண்ணாடி மணி செய்யும் வகுப்பு,
டுலூத், பழைய மீன்கிடங்கின் பின்கட்டு.
மூன்று சனிக்கிழமைகள். இருநூற்று நாற்பது டாலர்.
பருத்தி உடுத்தி வரவும்.
முடியை இறுகக் கட்டவும்.
வியாழனோடு கடைசி.

அந்தப் பணத்துக்கு
பின்சக்கரம் இரண்டுக்கும் பனி டயர் வரும்.
ஃபார்கோவிலிருந்து அக்காவும் அதையே சொன்னாள்.
மணி வேண்டுமென்றால் கடையில் அள்ளித் தருவான்,
நீ எந்தக் காலத்தில் கழுத்தில் எதைப் போட்டாய்?
உண்மைதான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் கழுத்தில்
மஃப்ளரும் சாவிக்கயிறும்.

அவளிடம் சொல்லாதது:
எனக்கு மணி வேண்டாம்.
தீ வேண்டும்.

நாலு வருஷம் எங்கள் வாசற்கதவில் ஒரு பலகை இருந்தது.
உள்ளே ஆக்சிஜன். நெருப்பு கூடாது.
எரிவாயு அடுப்பைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.
ஆர்விட்டின் அறுபதாவது பிறந்தநாளுக்கு
ஏற்றாத மெழுகுவர்த்திகளைக் கேக்கில் குத்தி வைத்தேன்.
இருக்கிற மூச்சைக் கூட்டி ஊதினான்.
பார், எல்லாம் அணைந்துவிட்டது என்று சிரித்தான்,
அந்தச் சிரிப்புக்குப் பத்து நிமிஷம் இருமினான்.
வீடெங்கும் ஐம்பதடிப் பச்சைக் குழாய்.
அதன் பின்னாலேயே போனால் அவன் இருப்பான்.
கூடத்து மூலையில் இயந்திரம்:
குப்... ஸ்ஸ்ஸ். குப்... ஸ்ஸ்ஸ்.
அக்டோபரில் கம்பெனி ஆள் வந்து
கையெழுத்து வாங்கி உருட்டிக்கொண்டு போனான்.
அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.
சத்தமில்லாத வீட்டில் எப்படித் தூங்குகிறார்கள்?

நேற்று மாலை வண்டியைக் கொட்டகையில் விட்டதும்
சும்மா பார்த்துவிட்டு வரலாமென்று போனேன்.
வேண்டாமென்று சொல்ல ஒரு காரணம் கிடைக்குமென்று.
கிர்ஸிக்கு முப்பது இருக்கும்.
முன்கையெல்லாம் சுட்ட தழும்பு, ஒரு காதில் மட்டும் தோடு.
குச்சியைத் தீயில் நீட்டினாள்.
மஞ்சளாய்ச் சீறியதில் ஒன்றும் தெரியவில்லை.
இதப் போட்டுக்குங்க என்று
ஊதா மூக்குக்கண்ணாடி ஒன்றைத் தந்தாள்.
போட்டதும் மஞ்சள் முழுக்கக் காணோம்.
தீக்குள்ளே ஒரு சொட்டு
கம்பியைச் சுற்றி மெல்லக் கனத்துக்கொண்டிருந்தது.
கம்பியில களிமண் பூசியிருக்கு, ஆறினப்புறம் உருவிடலாம்,
அது இருந்த இடந்தான் துளை, என்றாள்.
தலையாட்டினேன். காதில் விழவில்லை.
மேசைக்கடியில் ஏதோ
குப்... ஸ்ஸ்ஸ்.

குனிந்து பார்த்தேன். அதே ஐந்து லிட்டர்.
அதே சாம்பல் பெட்டி. பக்கவாட்டில்
யாருடைய பெயரோ எழுதிய பிளாஸ்திரி, பாதி கிழிந்து.
ஆஸ்பத்திரி மிஷின், பழசு, சல்லிசாக் கிடைக்கும்,
தீக்கும் மூச்சு வேணுமே, என்றாள் கிர்ஸி.

வெளியே போய் நின்றேன்.
ஏரியில் பனிப்பாளங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.
கோபம் என்றுதான் நினைக்கிறேன். யார் மேல் என்று தெரியவில்லை.

உள்ளே திரும்பியபோது
மூன்று முறை கீச்சிட்டு அது நின்றுபோயிருந்தது.
கிர்ஸி ஓங்கித் தட்டினாள்.
தட்டாதே.
பின்பக்கத்து வடிகட்டியை உருவி,
கால்சட்டையில் தட்டித் தூசி போக்கிச் செருகினேன்.
பச்சை விளக்கு வரும்வரை பொறு.
வந்தது.
முன்னாடியே செஞ்சிருக்கீங்களா என்றாள்.
மணியா? இல்லை என்றேன்.

இன்று வியாழன்.
பெயர் எழுதியாயிற்று. முகவரி. ஒவ்வாமை இல்லை.
அவசரத்துக்கு யாரை அழைப்பது:
அக்கா இருநூற்றைம்பது மைல் தள்ளி,
போனை எடுப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.
கை தானாக எழுதிக்கொண்டு போனது.
மூன்று இலக்கம் வந்தபின்தான் பார்த்தேன், அவன் எண்.
அடித்துவிட்டுப் பேருந்துக் கொட்டகை எண்ணைப் போட்டேன்.
காலை ஐந்து மணியிலிருந்து யாராவது இருப்பார்கள்.

சனிக்கிழமை கொட்டகை பூட்டு.
உறையை நாக்கில் நனைத்தபோதுதான் நினைவு வந்தது.
ஒட்டிவிட்டேன்.